மரத்தைத் தொட்டுப் பார்த்த ஓவியர்

அந்தப் புத்தகம் நூலகத்தில் கிடைக்காது. பேராசிரியருக்கு அவருடைய ஆசிரியர் கொடுத்தது. பழுப்புத் துணி அட்டை, பிரெஞ்சு மொழி, முந்நூறு பக்கங்களுக்கு மேல் ஒரே ஒரு மனிதரின் வாழ்க்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சில் மரங்களையும் ஆறுகளையும் மண் பாதைகளையும் வரைந்த ஓர் ஓவியர். வகுப்பு முடிந்து எல்லோரும் கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தபோது பேராசிரியர் அதை என் கையில் தந்தார். மற்றவர்கள் பார்க்கிறார்களா என்று நான் பார்த்தேன். பார்த்தார்கள்.

எனக்கு ஏன் தந்தார் என்றால், அந்த வகுப்பில் பிரெஞ்சைத் தடங்கல் இல்லாமல் வாசிக்கக்கூடியவள் நான்தான். பதின்மூன்று வயதுவரை பாரிஸுக்கு வெளியே ஒரு மாடிக் குடியிருப்பில் வளர்ந்தேன். பிறகு அப்பா, "பிரெஞ்சில படிச்சு என்ன செய்யிறது, உலகம் முழுக்க இங்கிலீசுதான்" என்று சொல்லி எங்களை லண்டனுக்குக் கொண்டுவந்தார். செவன் கிங்ஸில் ஒரு வரிசை வீட்டின் மேல்மாடியில் குடியேறினோம். அப்பா விட்டுவரச் சொன்ன மொழிதான் இங்கே எனக்குக் கைகொடுத்தது என்பதில் எனக்கு ஓர் இரகசியப் பெருமை இருந்தது.

பேராசிரியர் அந்த ஓவியரைப் பற்றி ஒரு நூல் எழுதிக்கொண்டிருந்தார். ஓவியர் எழுதிய கடிதங்களின் பிரதிகள் அவருடைய அறையில் இரண்டு அட்டைப் பெட்டிகளில் இருந்தன. கோடை விடுமுறையில் உட்கார்ந்து அவற்றை வாசித்து ஆங்கிலத்தில் எழுதித்தர ஓர் ஆள் வேண்டும். அந்த வேலையைச் செய்பவருக்கு அடுத்த வருடம் அவரிடமே முதுகலை படிக்க இடம் உண்டு, கட்டணத்தைக் குறைக்கவும் அவர் பேசுவார் என்று சீனியர் மாணவர்கள் சொன்னார்கள். அவர் என்னிடம் சொன்னது குறைவு. "இந்த மனிதரின் வாழ்க்கையைப் பற்றி அடுத்த செமினாரில் நீ பேசு. புத்தகத்தையும் கொண்டு வா. பிறகு யோசிப்போம்." அவருக்குத்தான் யோசிக்கவேண்டி இருந்தது. நான் அந்தக் கோடை முழுவதையும் மனதில் ஏற்கெனவே வாழ்ந்து முடித்திருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அம்மா இரண்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். கோயில் கலண்டரை எழுத்துக்கூட்டி வாசிப்பார். தன் பெயரை எழுதுவார், எழுதி முடித்ததும் அதைத் தள்ளி வைத்துப் பார்ப்பார். இந்தக் குடும்பத்திலிருந்து நான் கம்பஸ் போனதைச் சொந்தக்காரர்கள் முதலில் கொண்டாடினார்கள். என்ன படிக்கிறேன் என்று தெரிந்ததும் அமைதியானார்கள்.

"படம் கீறப் படிக்கிறியோ?" என்று அப்பா கேட்டார்.

"இல்லை அப்பா. கீறினவையைப் பற்றி."

"கீறினவர் இருக்கிறாரோ?"

"செத்துப்போனார்."

"பின்ன அவரைப் பற்றிப் படிக்கக் கம்பஸோ?" என்று சொல்லிவிட்டு அவர் பெற்றோல் ஸ்டேஷன் வேலைக்குப் போய்விட்டார். அதில் கோபம் இல்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டார்.

அம்மாவுக்குத்தான் கஷ்டம். இல்ஃபோர்ட் மரக்கறிக் கடையில் ஒரு மாமி எங்களை மறித்துக்கொள்வார். அவருடைய மகன் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தான். வெண்டிக்காயை ஒவ்வொன்றாய் முறித்துப் பார்த்தபடி, "உங்கட பிள்ளைக்கு எப்ப படிப்பு முடியுது? முடிஞ்சா என்ன வேலை கிடைக்கும்? மியூசியத்தில ரிக்கெற் கிழிக்கிறதோ?" என்று சிரிப்பார். அம்மாவும் சிரிப்பார். வீட்டுக்கு வரும் வழியில் பேசமாட்டார்.

அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் அம்மாவுக்கு அந்த ஓவியரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்.

அம்மா வெங்காயம் வெட்டுவார், நான் குசினி மேசையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு சொல்வேன். குதிரைக்குச் சேணம் தைப்பவரின் மகன். சின்ன வயதில் தகப்பன் போய்விட்டார். தாய் மகனைக் கூட்டிக்கொண்டு பாரிஸுக்கு வந்து, தங்குவோருக்கு அறைகள் வாடகைக்கு விட்டார். பையன் முதலில் சுவர்த்தாள் அச்சடிக்கும் பட்டறையில் ஒரே இலையைத் திரும்பத் திரும்ப வரைந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்தைவிட்டு நடந்து காட்டுக்குப் போய் உண்மையான இலைகளை வரைந்தான்.

"கலியாணம் கட்டினவரோ?" என்றார் அம்மா.

"இல்லை."

"பின்ன ஆர் சமைச்சுக் குடுத்தது?"

"தாய். தாய் சாகும்வரைக்கும் தாயோடதான் இருந்தவர்."

அம்மாவின் கத்தி நின்றது. "தாயைப் பாக்கிறதுக்காகக் கட்டாமல் இருந்தவரோ?"

இல்லை. வருமானம் இல்லாததால் தாயோடு இருந்தார், தாயின் கையில்தான் பணம் இருந்தது. ஆற்றங்கரையில் துணி வெளுத்த ஒரு பெண்ணோடு அவருக்குப் பழக்கம் இருந்தது. அவளுக்கு ஒரு மகள் பிறந்தாள். அவர் இருவரையும் படங்களில் வைத்தார், தூரத்தில், முகம் தெரியாத அளவுக்குச் சின்னதாய். வீட்டுக்குள் வைக்கவில்லை. புத்தகத்தில் இவ்வளவும் இருந்தது. அம்மா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம்" என்றேன்.

அங்கே தொடங்கியது. உண்மையை அம்மாவிடம் சொன்னால் அந்த மனிதர் ஒரே வாக்கியத்தில் முடிந்துபோவார் என்று நினைத்தேன். ஒரு பெண்ணைக் கைவிட்டவர், அவ்வளவுதான். அம்மாவுக்கு இதெல்லாம் விளங்காது என்றும் நினைத்தேன். ஆண்டுதோறும் அரசாங்கக் கண்காட்சிக்கு அவர் அனுப்பிய பெரிய ஓவியங்கள் திருப்பி அனுப்பப்பட்டதை, அதற்காகவே அவர் விருப்பமில்லாமல் காட்டுக்குள் தேவதைகளைச் சேர்த்து வரைந்ததை, வெளியில் உட்கார்ந்து காகிதத்தில் தீட்டிய சின்னச் சின்ன எண்ணெய்ச் சித்திரங்களை வேலை என்றே அவர் நினைக்காததை, இன்று உலகம் மதிப்பது அவற்றைத்தான் என்பதை எப்படி அம்மாவுக்குச் சொல்வது? இதையெல்லாம் விட்டுவிட்டேன். பதிலுக்கு அம்மாவின் முகம் மலரக்கூடியவற்றைச் சொன்னேன். காட்டில் மாதக்கணக்காய்ச் சாப்பாடு இல்லாமல் இருந்து வரைந்தார் என்றேன். விற்ற படங்களின் காசை ஏழைகளுக்குக் கொடுத்தார் என்றேன். அம்மா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

கடைசி அத்தியாயத்தில் அவருடைய பார்வை மங்குகிறது. தூரிகையை ஒதுக்கி வைத்துவிட்டுச் சில வருடங்கள் எதுவும் வரையாமல், தாய் இல்லாத அந்த வீட்டில், பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை போட்டபடி இருந்து செத்துப்போகிறார். நான் சொன்னது வேறு.

"கண் ரெண்டும் தெரியாமப் போனாப் பிறகும் வரைஞ்சவர் அம்மா. காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி, மரத்தைக் கையால தொட்டுத் தொட்டுப் பாத்து, அதை அப்பிடியே கீறினவர்."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். வெங்காயம் வெட்டி முடிந்து நேரமாகியிருந்தது.

அடுத்த முறை மரக்கறிக் கடையில் மாமி வாயைத் திறக்கும்முன் அம்மா சொன்னார்: "என்ர பிள்ளை ஒரு பெரியவற்ற சரித்திரம் எழுதுறாள். கண் தெரியாமலே மரம் கீறினவர். தாய்க்காகக் கலியாணமும் கட்டேல்லை." மாமி வெண்டிக்காயைக் கீழே வைத்துவிட்டு, "உண்மையோ பிள்ளை?" என்று என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அன்று அம்மா வீடுவரை பேசிக்கொண்டே வந்தார்.

அந்த வருடம் என் செமினார் விஜயதசமி அன்று வந்தது. அதை நான் கவனிக்கவில்லை. எங்கள் வீட்டில் சரஸ்வதி பூசை அம்மாவுடைய பெருநாள். மற்றப் பெருநாள்களுக்குப் புதுச்சேலையும் பலகாரமும் வேண்டும், இதற்குப் புத்தகம் போதும், புத்தகம் வீட்டில் இருந்தது என்னால். ஹீட்டர் பொருத்தியிருந்த சின்ன அலுமாரியின் மேல் தட்டுத்தான் எங்கள் சாமி அறை. பூசைக்கு முதல் நாளே என் புத்தகங்களைச் சரஸ்வதி படத்தின் முன்னால் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, பூ வைத்துவிடுவார். விஜயதசமி காலையில் அப்பா கற்பூரம் காட்டியபின்தான் எடுக்கலாம். அதுவரை யாரும் தொடக்கூடாது, படிக்கக்கூடாது. சின்ன வயதில் எனக்கு அது பிடித்த விதி.

பூசையன்று பின்னேரம் நூலகத்திலிருந்து வந்து அலுமாரியைத் திறந்தேன். பழுப்பு அட்டைப் புத்தகம் எல்லாவற்றுக்கும் மேலே, விரித்தபடி இருந்தது. முதல் பக்கத்தில் ஓவியரின் படம்: தாடி, அகலத் தொப்பி, சிடுசிடுத்த பார்வை. தொப்பிக்குக் கீழே நெற்றியில் வட்டமாய்ச் சந்தனம், அதன் நடுவே குங்குமம். மடியில் ஒரு மஞ்சள் செவ்வந்தி. கீழே ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்ததால் சந்தனம் காய்ந்து காகிதத்தோடு இறுகியிருந்தது. குங்குமம் ஊறித் தாளின் பின்பக்கத்தில் ஒரு சிவப்பு வட்டம் விழுந்திருந்தது.

"அம்மா, இது என்ர புத்தகம் இல்லை" என்றேன்.

"தெரியும். பெரியவற்றதானே. முகம் தெரியட்டுமெண்டு திறந்து வைச்சனான்." அம்மாவின் முகத்தில் அவ்வளவு திருப்தி. "எல்லாப் புத்தகத்துக்கும் மட்டையில வைச்சன். இவருக்கு மட்டும் நெத்தியில."

நான் கையை நீட்டினேன். அம்மா அலுமாரிக் கதவை மெதுவாய்ச் சாத்தினார். "விடிய அப்பா வந்து எடுத்துத் தருவார். சாமிக்கு வைச்சதில கை வைக்காதை."

விடிய அப்பா வரவில்லை. பெற்றோல் ஸ்டேஷனில் அவருக்குப் பதிலாய் வரவேண்டியவர் பிந்திவிட்டார். நான் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றேன். புத்தகம் இல்லாமல் போவதா, குங்குமத்தோடு கொண்டுபோவதா, இரண்டில் எது மோசம் என்று தெரியவில்லை. "இப்ப எடுக்கவேணும், ரெயின் போயிடும்" என்றேன். அம்மா அலுமாரியின் முன்னால் நின்றார். "கற்பூரம் காட்டாமல் ஏலாது பிள்ளை. உனக்குத்தான் கூடாது."

"அப்ப நீங்களே கொண்டு வந்து அவற்ற கையில குடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். நையாண்டியாய்ச் சொன்னது. அம்மா என் பல்கலைக்கழகத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை. நான் கூப்பிட்டதும் இல்லை. அங்கே என் நண்பர்களிடம் பெற்றோர் 'பிஸ்னஸ்' செய்கிறார்கள் என்று சொல்லியிருந்தேன். அம்மா செய்தது சான்ட்விச் தொழிற்சாலையில் பொதி கட்டும் வேலை.

புத்தகத்தை மறந்துவிட்டேன் என்று பேராசிரியரிடம் சொன்னேன். பரவாயில்லை என்றார், ஆனால் ஒரு கணம் என் பையைப் பார்த்தார். பிறகு பேசினேன். நன்றாகவே பேசினேன், அதை இப்போதும் மறுக்கமாட்டேன். சுவர்த்தாள் பட்டறையையும், திரும்பி வந்த பெரிய ஓவியங்களையும், விருப்பமில்லாத தேவதைகளையும் சொன்னேன். லண்டன் காட்சியகத்தில் இருக்கும் அவருடைய சின்னச் சித்திரத்தின் ஸ்லைடைக் காட்டினேன்: ஒரு மண் பாதை, இரண்டு உயர்ந்த மரங்கள், வரப்போகும் மழை. பாதையின் ஓரத்தில் இரண்டு புள்ளிகள் துணி வெளுக்கும் பெண்ணும் அவள் மகளும் என்றேன். அவர் கண் மங்கியபின் எதுவும் வரையவில்லை என்றும், அந்த மௌன வருடங்களைக் கதையாக்கக் கூடாது என்றும் முடித்தேன். பேராசிரியர் எதையோ குறித்துக்கொண்டு புன்னகைத்தார். கோடை வேலை எனக்குக் கிடைத்துவிட்டது என்று தெரிந்தது.

அப்போது கதவு தட்டப்பட்டது.

கீழே வாசலில் நிற்கும் காவலாளி, கொங்கோ நாட்டுக்காரர், எனக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒரு கடித உறையைக் கையில் வைத்தபடி கதவைத் திறந்து பிடித்தார். அவருக்குப் பின்னால் அம்மா. சேலைக்கு மேல் பழுப்பு நீளக் கோட், காலில் வெள்ளைச் சப்பாத்து, நெற்றியில் அன்றைய திருநீறு. ஒரு கையில் சூப்பர்மார்க்கெட் பை, மறு கையில் பழைய ஐஸ்கிரீம் டப்பா. அவர்கள் இருவரும் படியேறி வரும்போது பிரெஞ்சில் பேசிக்கொண்டு வந்திருக்கிறார்கள், காவலாளி சிரித்த முகத்தோடு "மெர்சி மதாம்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. பிரெஞ்சு வரும். பாரிஸில் ஹோட்டல் அறைகளைத் துப்புரவு செய்து கற்ற பிரெஞ்சு, வினைச்சொற்களுக்கு வால் இல்லாத பிரெஞ்சு. அந்த மொழியில் அவர் பேராசிரியருக்குக் காலை வணக்கம் சொன்னார். "என் மகள் கொண்டுவரச் சொன்னாள். கணவர் வந்து பூசை முடித்தார். கொண்டுவந்தேன்."

பேராசிரியர் எழுந்து நின்றார். அவருடைய பிரெஞ்சு அழகானது. நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டார். அம்மா உட்காராமல், பையிலிருந்து அப்பாவின் பட்டுச்சால்வையில் சுற்றிய புத்தகத்தை எடுத்து இரண்டு கைகளாலும் கொடுத்தார். அவர் பிரித்தார். தாடியும் தொப்பியும் பொட்டுமாய் ஓவியர் வகுப்பைப் பார்த்தார். யாரோ மூக்கால் சிரித்தார்கள். நான் மேசையில் இருந்த ஒரு கீறலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தரையில் ஒரு குழி இருந்திருந்தால் இறங்கியிருப்பேன்.

"இது என்ன?" என்று பேராசிரியர் கேட்டார்.

"இன்று எங்கள் கல்வித் தெய்வத்தின் நாள். புத்தகத்துக்குப் பொட்டு வைப்போம். இவர் புத்தகத்துக்குள் இருக்கிறார். அதனால் இவருக்கும்."

பேராசிரியர் அந்த நெற்றியை வெகுநேரம் பார்த்தார். விரலால் தொடப்போய் நிறுத்தினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில், "இவருடைய சொந்தக் குடும்பம் இவருக்கு இவ்வளவு செய்யவில்லை" என்றார். வகுப்பு சிரித்தது, இம்முறை நல்லபடியாய். அது அழியாது, இருக்கட்டும் என்றார். முதல்நாள் பின்னேரம் தொடங்கி நான் பயந்த விஷயம் இவ்வளவு லேசாய் முடிந்துவிட்டதை நம்ப முடியவில்லை.

அவர் மரியாதைக்காகத்தான் கேட்டிருப்பார்: "மதாம், உங்களுக்கு இவருடைய ஓவியங்கள் பிடிக்குமா?"

"ஓவியம் பார்க்கவில்லை" என்றார் அம்மா. "ஆளைத் தெரியும். மகள் சொன்னாள்."

சொல்லுங்கள் என்றார் பேராசிரியர். அம்மா சொன்னார்.

வகுப்பில் பாதிப் பேருக்குப் பிரெஞ்சு விளங்காது. அதனால் பேராசிரியர் வாக்கியம் வாக்கியமாய் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார். தாய்க்காகக் கல்யாணம் செய்யாத மகன். அதைச் சொல்லும்போது அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். காட்டில் சாப்பாடு இல்லாமல் மாதக்கணக்காய். ஏழைகளுக்குக் கொடுத்த காசு. சிரிப்பு மெல்ல மெல்லக் கழன்றது. அம்மா கண்ணை மூடி, வலது கையை முன்னால் நீட்டி, இல்லாத ஒரு மரத்தைத் தடவிக் காட்டினார். "பார்வை இல்லை. மரத்தைத் தொடு, தொடு, பிறகு வரை. அதுதான் அவர்."

இதைப் பேராசிரியர் மொழிபெயர்க்கவில்லை. என்னைப் பார்த்தார். சற்றுமுன் என் வாயிலிருந்து வந்த கடைசி வாக்கியங்கள் அந்த அறையில் இன்னும் இருந்தன. அம்மாவின் கையைப் பார்த்தே எல்லோருக்கும் விளங்கிற்று. அம்மா கண்ணைத் திறந்து, எல்லோரும் ஏன் அமைதியாகிவிட்டார்கள் என்று பார்த்தார். கதை அவர்களைத் தொட்டுவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்து அவித்த கடலையை ஒவ்வொருவருக்காய் நீட்டத் தொடங்கினார். "சாமிக்குப் படைச்சது, எடுங்கோ" என்று தமிழிலேயே சொன்னார். அவர்கள் எடுத்தார்கள்.

வகுப்பு கலைந்தபின் பேராசிரியர் என்னை நிற்கச் சொன்னார். அம்மா கதவோரம் டப்பாவை மூடிக்கொண்டு நின்றார்.

"இந்தக் கதைகள் புத்தகத்தில் எங்கே இருக்கின்றன?" என்றார் ஆங்கிலத்தில்.

"இல்லை."

"உனக்கு உண்மை தெரிந்திருந்தது. இன்று அதைத்தான் பேசினாய். பிறகு ஏன் அவருக்கு வேறு மாதிரிச் சொன்னாய்?"

"அவருக்கு விளங்காது என்று நினைத்தேன்" என்றேன்.

அம்மா எட்டிப்பிடிக்கும் தூரத்தில் நின்றார். ஆங்கிலம் தெரியாது என்பதால்தான் அதை அவ்வளவு சுலபமாய்ச் சொன்னேன். தொழிற்சாலையில் ஆறு வருடம் வேலை செய்தவருக்கு அந்த ஒரு வாக்கியமாவது தெரிந்திருக்கும் என்று எனக்குப் பிறகுதான் பட்டது. அங்கே மேற்பார்வையாளர்கள் அவர்களைப் பற்றி அதைத்தான் சொல்வார்கள்.

பேராசிரியர் கோபப்படவில்லை. புத்தகத்தின் கீழே கிடந்த சால்வையை எடுத்து மடித்து என்னிடம் தந்தார். "அந்தக் கடிதங்களில் பெரும்பாலானவை அலுப்பானவை. வாடகை, மழை, தாயின் இருமல். யாருக்கு வாசித்துக் காட்டினாலும் அவற்றை அலுப்பாகவே விட்டுவைக்கிற ஒருவர் எனக்கு வேண்டும்." என் பக்கத்து நாற்காலியில் இருந்த மாணவியின் பெயரைச் சொன்னார். அகராதி இல்லாமல் அவளால் ஒரு பக்கம் நகரமுடியாது. "மெதுவாய்த்தான் போவாள். பரவாயில்லை."

நான் நன்றி சொன்னேன். எதற்கு என்று தெரியாது.

ரெயினில் இடம் இருந்தது. அம்மா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றைத் தளர்த்தினார். ஸ்ட்ராட்ஃபோர்ட் தாண்டும்வரை நல்ல சந்தோஷத்தில் பேசினார். "நல்ல மனுசன். என்ர கதையை வாயைப் பாத்துக் கேட்டுக்கொண்டிருந்தவர். அந்தப் பிள்ளையளும் என்ன அமைதி. உனக்கு அந்த வேலை தருவார்தானே?"

"இல்லை. வேற ஆளுக்குக் குடுத்திட்டார்."

அம்மாவின் கை கயிற்றிலேயே நின்றது. "ஏன்?" என்றார். பிறகு தானே கண்டுபிடித்துவிட்டார். "அந்தக் குங்குமத்தாலயோ?"

ஜன்னலுக்கு வெளியே வீடுகளின் பின்முற்றங்கள் போய்க்கொண்டிருந்தன. ஓம் என்று சொல்லவும் தேவையில்லை, பேசாமல் இருந்தாலே போதும், அது அப்படியே முடிந்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது. எவ்வளவு வசதியாய் இருந்தது. அம்மா என் மடியில் இருந்த சால்வையை எடுத்து அதன் ஓரத்தில் ஒட்டியிருந்த குங்குமத்தைப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். "என்னாலதான். நீ சொன்னனி, உன்ர இல்லையெண்டு. நான்தான் கேக்கேல்லை. படிச்சவையின்ர சாமானில நான் ஏன் கை வைச்சன்." சத்தமில்லாமல் சொன்னார். எதிரே இருந்தவர் பத்திரிகையை உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

அம்மா சுரண்டிக்கொண்டே இருந்தார். மேனர் பார்க் வந்தது, போனது.

"குங்குமத்தால இல்லை அம்மா" என்றேன். "நான் உங்களுக்குச் சொன்ன கதையால."

"எந்தக் கதை?"

"அவர் தாய்க்காகக் கட்டாமல் இருக்கேல்லை. ஒரு பொம்பிளையோட பழகிப் பிள்ளையும் பிறந்தது. விட்டிட்டார். காசு ஒருத்தருக்கும் குடுக்கேல்லை. நான் சேத்துச் சொன்னனான்."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. "மரத்தைத் தொட்டது?"

"அதுவும் பொய்."

சால்வையை மடித்தார். இன்னொருமுறை மடித்தார். "நான் படிக்கேல்லையெண்டு பேய்க்காட்டினியோ?"

அதற்கு ஒரே ஒரு நேர்மையான பதில்தான் இருந்தது, அதைக் காலையில் நான் ஏற்கெனவே வேறொரு மொழியில் சொல்லியிருந்தேன்.

"மாமிக்குச் சொன்னன்" என்றார் அம்மா. "பிரான்சுக்கு ஃபோன் எடுத்துச் சின்னம்மாவுக்குச் சொன்னன். வேலையிடத்தில சொன்னன். இண்டைக்குப் படியேறேக்க அந்தக் காவல்கார மனுசனுக்கும் சொல்லிப்போட்டன். அவர் தன்ர தேப்பனுக்கும் கண் தெரியாதெண்டு சொன்னவர்." சால்வையைப் பைக்குள் வைத்துவிட்டு, "இனி ஆரும் என்ர பிள்ளை என்ன படிக்கிறாளெண்டு கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?"

செவன் கிங்ஸில் இறங்கினோம். அம்மா கோட்டின் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். என்னோடு சேர்ந்து நடக்க விருப்பமில்லை என்று அவருடைய முதுகே சொல்லிற்று. மெயின் ரோட்டில் பஸ்களும் கார்களும் நெருக்கிக்கொண்டு நின்றன. நான் பின்னால் போய்க்கொண்டே, அந்தத் துணி வெளுத்த பெண்ணிலிருந்து தொடங்கினேன். ஆற்றங்கரையில் அவளை அவர் முதலில் கண்ட நாள் புத்தகத்தில் இல்லை, அதனால் அதைச் சொல்லவில்லை. அவளுடைய மகளுக்கு எழுத வந்ததா என்பதும் இல்லை. அவர் ஒரே பாதையைத் திரும்பத் திரும்ப வரைந்தார் என்றும், அவற்றில் பலவற்றில் அவர்கள் இரண்டு புள்ளிகளாய் நிற்கிறார்கள் என்றும், அவர் செத்தபின் அவருடைய சகோதரியின் மகன் அந்தக் காகிதங்களைக் கட்டுக்கட்டாய் விற்றான் என்றும் சொன்னேன். எவ்வளவு அலுப்பாய் இருந்ததோ அவ்வளவு அலுப்பாய்ச் சொன்னேன்.

அம்மா திரும்பவில்லை. எங்கள் தெருமுனையில் கடக்கவேண்டிய இடத்தில் நின்றார். நான் பக்கத்தில் வந்ததும் ரோட்டைப் பார்த்தபடியே, "கார்ச் சத்தத்தில பாதி கேக்கேல்லை" என்றார். "அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது, அதைச் சொல்லு."

"தெரியாது அம்மா" என்றேன்.